பழைய அரசுக் கட்டடத்தில் இரும்பு வேலை: ஷாப் ட்ராயிங் போடும் முறை

ஷாப் ட்ராயிங் என்றால், ஒவ்வொரு இரும்புத் துண்டையும் எப்படி வெட்டி ஓட்டை போட வேண்டும் என்று பட்டறைக்குக் கொடுக்கும் வரைபடம். புதுக் கட்டடத்துக்கு அதைப் போடுகிறவர் நாற்காலியை விட்டு எழவே வேண்டாம். டிசைன் ட்ராயிங்கில் அளவுக் கோடுகளான கிரிட் இருக்கும், மட்டம் காட்டும் லெவல் இருக்கும். டெக்லா சாஃப்ட்வேரில் மாடல் போட்டால் பீமும் காலமும் (தூணும்) அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். பழைய கட்டடத்தில் அந்தச் சொகுசு கிடையாது. அங்கே கிரிட் என்பது நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொத்தனார் நூல் பிடித்த கோடு. நூல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் சுவரும் அப்படியேதான் நிற்கும்.

நான் திருச்சி பக்கம் துவாக்குடியில் இந்த ட்ராயிங் போடும் வேலை, அதாவது டீட்டெய்லிங், பார்க்கிறேன். பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலைக்கு வேலை செய்யும் ஒரு யூனிட்டில் மார்க்கிங் ஹெல்ப்பராகச் சேர்ந்து, சாக்பீஸும் சென்டர் பஞ்ச்சும் பிடித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால் வந்தேன். பழைய கட்டட வேலை எடுக்கும் பையன்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, “சார், எந்த சாஃப்ட்வேர்?” எதில் போட்டாலும் சரி. எந்த அளவை நம்பலாம், எதை நம்பக் கூடாது, நம்ப முடியாத அளவுக்கு எந்த மூலையில் இடம் விடுவது என்பதுதான் இந்த வேலை. அதை ஒரு நிஜ வேலையை வைத்தே சொல்கிறேன்.

டெல்டாவில் ஒரு ஊர். 1920களில் கட்டிய அரசு அலுவலகம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். கீழ்த்தள ஹாலில் கோப்புகள் வைக்க ஒரு இரும்பு மெஸ்ஸனைன், அதாவது இடைத்தளம், வேண்டும். பழைய சுவரில் பாரம் ஏற்ற இன்ஜினியர் சம்மதிக்கவில்லை. சுவரை ஒட்டிப் புதுக் காலம், குறுக்கே ஐஎஸ்எம்பி 300 (300 மிமீ ஆழமுள்ள ஐ வடிவ பீம்), அதன்மேல் ஐஎஸ்எம்சி 150 (சானல்), மேலே செக்கர்டு ப்ளேட் (வழுக்காத தகடு). படிக்கட்டுப் பக்கம் மட்டும் ஒரு பீம், ஏற்கெனவே அங்கிருக்கும் பழைய ஆர்எஸ்ஜே (அந்தக் கால ஐ வடிவ பீம்) ஒன்றில் போய்ச் சேர வேண்டும். மொத்தமே எட்டு டன் வராது. ஆனால் முப்பது டன் புது ஷெட்டை விட அதிக நாள் எடுத்தது.

அளவு எடுப்பது

அலுவலகத்தில் பழைய வரைபடம் ஒன்று கிடைத்தது. ஹால் அகலம் 20 அடி, அதாவது 6096 மிமீ. நாங்கள் அளந்தபோது தரையருகே 6058, மூன்று மீட்டர் உயரத்தில் 6083. இன்னொரு மூலையில் இரண்டுமே வேறு. மூலைக்கு மூலை பிடித்தால் இரண்டு பக்கத்துக்கும் 46 மிமீ வித்தியாசம். வரைபடம் பொய் சொல்லவில்லை, கட்டியவர்களும் ஏமாற்றவில்லை. செங்கல் சுவருக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. தொழிற்சாலையில் ஓட்டை போட்டுக் கொண்டுவரும் இரும்புக்குத்தான் அது உயிர்ப் பிரச்சினை.

அதனால் சுவருக்குச் சுவர் அளப்பதை முதலில் விட்டுவிடுங்கள். ஹாலின் நடுவில் நீளவாக்கில் ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டுங்கள். அதுதான் இனி உங்கள் கிரிட். ஒவ்வொரு காலம் வரும் இடத்திலும் அந்தக் கம்பியிலிருந்து இடது சுவருக்கு எவ்வளவு, வலது சுவருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எடுங்கள். தரை மட்டத்தில் ஒன்று, இடுப்புயரத்தில் ஒன்று, பீம் மட்டத்தில் ஒன்று. லேசர் மீட்டர் இருந்தாலும் பையில் தூக்குக்குண்டு இருக்கட்டும். சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரே பார்வையில் காட்டுவது அதுதான். லெவலுக்கு டியூப் லெவல் போதும். சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, அதிலிருந்து கீழே தரைக்கும் மேலே உத்திரத்துக்கும் அளந்தோம். தரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 38 மிமீ இறங்கியிருந்தது. கழுவிவிட வாட்டம் வைத்திருப்பார்கள் போல.

லேசர் ஸ்கேனர் வாடகைக்கு எடுக்கக் காசு இருந்தால் எடுங்கள். கோணல்மாணலான ஹாலுக்கு அது வரப்பிரசாதம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஸ்கேனருக்குத் தெரிவது பூச்சு, செங்கல் தெரியாது.

பூச்சு விஷயத்தில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. பல வருஷம் முன்னால் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். சுவரில் பாக்கெட் வெட்டி பீமை உட்கார வைக்கும் வேலை. பூச்சுக்குப் பூச்சு அளந்து, இரண்டு பக்கமும் 150 மிமீ பேரிங் (பீம் சுவருக்குள் உட்காரும் நீளம்) கணக்கிட்டு, 14 பீமுக்கும் ட்ராயிங் போட்டுக் கொடுத்தேன். சைட்டில் பூச்சைத் தட்டினால் நாற்பது மிமீ உதிர்கிறது. சுண்ணாம்பு, அதன்மேல் சுண்ணாம்பு, அதன்மேல் டிஸ்டெம்பர் என்று நாலு தலைமுறை. பேரிங் 110தான் நின்றது. ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்கேலை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். 14 பீமுக்கும் முனையில் துண்டு வைத்து நீட்டிக் கொடுத்த செலவு எங்கள் தலையில். அதிலிருந்து எந்தச் சுவரானாலும் இரும்பு தொடப்போகும் இடத்தில் ஒரு கையகலம் பூச்சைத் தட்டச் சொல்லிவிட்டுத்தான் டேப்பை எடுப்பேன். அரசுக் கட்டடத்தில் இதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மேலே பார்க்கிற மாதிரி கீழேயும் பார்க்க வேண்டும். பழைய செங்கல் சுவரின் அஸ்திவாரம் படிப்படியாக வெளியே நீண்டுகொண்டே இறங்கும். சுவரை ஒட்டிக் காலம் வரைவது காகிதத்தில் சுலபம். தோண்டினால் காலத்தின் ஃபுட்டிங் வர வேண்டிய இடத்தில் சுவரின் ஃபுட்டிங் படுத்திருக்கும். நாங்கள் இரண்டு இடத்தில் குழி வெட்டிப் பார்த்தோம். செங்கல் படி ஒரு அடிக்கு மேல் ஹாலுக்குள் வந்திருந்தது. காலத்தை உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. காலம் தள்ளினால் பீம் குட்டையாகும், கணக்கு மாறும். அது இன்ஜினியர் வேலை. குழி வெட்டாமல் நான் ட்ராயிங்கைக் கடைக்கு (இரும்பை வெட்டிச் செய்யும் பட்டறைக்கு) அனுப்பியிருந்தால் 12 பீமும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

பழைய இரும்பைப் படிப்பது

பழைய ஆர்எஸ்ஜேயின் நடுத் தகட்டை, அதாவது வெப்பை, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பல இடங்களில் உருட்டிய ஆலையின் பெயர் புடைத்து நிற்கும். எங்கள் பீமில் ‘டார்மன் லாங்’, ‘மிடில்ஸ்பரோ’, ‘இங்கிலாந்து’ என்று மூன்று வார்த்தையும் தெளிவாக இருந்தது. டாடா ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்க ஆரம்பித்ததே 1912ல்தான். அதற்குப் பிறகும் பல வருஷம் கப்பலில் வந்த இங்கிலாந்து பீம்தான் நம் ஊர் உத்திரங்களில் நிறைய.

இந்தப் பெயர் வெறும் அலங்காரம் இல்லை. அங்குலக் கணக்குப் பீம் என்று அது சொல்கிறது. 12க்கு 5 அங்குல ஆர்எஸ்ஜே என்றால் ஆழம் 305 மிமீ, ஃப்ளேஞ்ச் (மேலும் கீழும் உள்ள படுக்கைத் தகடு) அகலம் 127. நம் ஐஎஸ்எம்பி 300ன் ஆழம் 300, ஃப்ளேஞ்ச் 140. மாடலில் பழைய பீமுக்கு ஐஎஸ்எம்பி 300ஐயே போட்டு ஒப்பேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து மிமீதானே என்பார்கள். மேல் ஃப்ளேஞ்ச் ஒரே மட்டத்தில் சேர வேண்டுமென்றால் புதுப் பீமின் முனையில் மேலேயும் கீழேயும் மூலையை வெட்டி நாட்ச் எடுக்க வேண்டும். அந்த நாட்ச்சின் ஆழமும் நீளமும் பழைய பீமின் அளவில்தான் வரும். ஃப்ளேஞ்ச் தடிமன், வெப் தடிமன், வேரில் வளைவு எவ்வளவு என்று காலிப்பர் வைத்து அளந்து, அந்தப் பீமைத் தனி செக்‌ஷனாகவே மாடலில் உருவாக்கினோம். துரு தின்ற இடத்தில் வெப் இன்னும் மெலிந்திருந்தது. அதையும் எழுதி இன்ஜினியருக்கு அனுப்பினோம்.

பழைய பீம் நேராகவும் இருக்காது. எங்களுடையது நடுவில் 12 மிமீ தொய்ந்திருந்தது. புதுப் பீம் சேரும் புள்ளியில் லெவல் என்ன என்று அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். முனையில் எடுத்து நடுவுக்கும் அதுவே என்று எழுதினால் போச்சு.

அடுத்து வெல்டிங். அந்தக் கால எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் இன்றைய ஐஎஸ் 2062 எஃகை விட அதிகமாக இருக்கலாம். அதற்கும் முந்தைய கட்டடமாக இருந்தால் அது ராட் அயர்னாகவே, அதாவது தேனிரும்பாகவே, இருக்கலாம், ஏடு ஏடாகப் பிரியும். ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வராமல் பழைய இரும்பில் ஒரு டேக் வெல்டு (சின்னப் புள்ளி வெல்டு) கூட ட்ராயிங்கில் காட்டாதீர்கள். எங்கள் வேலையில் இன்ஜினியர் வெல்டே வேண்டாம், போல்ட் போதும் என்றார். பீமைப் பீமோடு சேர்க்கும் எல் வடிவத் துண்டான க்ளீட் ஆங்கிளில் ஓட்டை கடையிலேயே போட்டோம். பழைய வெப்பில் ஓட்டையை சைட்டில், அந்த க்ளீட்டையே டெம்ப்ளேட்டாகப் பிடித்து, மேக்னட் ட்ரில்லில் போட்டோம். ட்ராயிங்கில் இது இரண்டையும் பிரித்து எழுத வேண்டும்: ‘கடையில் ட்ரில்’, ‘சைட்டில் ட்ரில்’. எழுதாவிட்டால் கேஸ் கட்டர் பற்றவைக்க ஆள் தயாராக நிற்பார்.

அந்த இடத்தில் பழைய ரிவெட் ஜாயின்ட் ஒன்றும் இருந்தது. ரிவெட் தலைகள் டேப்புக்கு அடங்காது, சென்டரே பிடிபடாது. ஒரு சார்ட் பேப்பரை அதன்மேல் ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். சின்ன வயதில் நாலணாக் காசைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தை. ஒன்பது ரிவெட்டும் முழு அளவில் தாளில் வந்துவிட்டன. அதை ஸ்கேன் பண்ணி மாடலில் வைத்துப் பார்த்தால், நான் வரைந்த க்ளீட் இரண்டு ரிவெட் தலை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. 30 மிமீ கீழே இறக்கினேன்.

ஒரு முனை பிடி, ஒரு முனை விடு

இவ்வளவு அளந்த பிறகும் பிழை இருக்கும். அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்காவிட்டால் சைட்டில் இரும்பை ஏற்றும் கலாசி தீர்மானிப்பார். நம் ஊர் ட்ராயிங்குகளில் ‘டு சூட் சைட்’ (சைட்டுக்கு ஏற்றபடி) என்று ஒரு வரி இருக்கும். பீம் நீளம் டு சூட் சைட், க்ளீட் டு சூட் சைட், ஏன், லெவல்கூட டு சூட் சைட். அளவெடுக்கப் போகாதவன் எழுதும் வரி அது. அதை எழுத வேண்டிய இடம் ஒரு ட்ராயிங்கில் ஒன்றோ இரண்டோதான். அங்கேயும் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எண் போட வேண்டும்.

நான் செய்வது இது. ஒவ்வொரு பீமுக்கும் ஒரு முனை பிடிமானம், ஒரு முனை தளர்ச்சி. பிடிமான முனையில் எம்20 (20 மிமீ விட்டம்) போல்ட்டுக்கு வழக்கமான 22 மிமீ ஓட்டை. மறுமுனையில் நீளவாக்கில் ஸ்லாட், அதாவது நீள ஓட்டை. ஐஎஸ் 800 (இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை) கணக்கில் எம்20க்குக் குட்டை ஸ்லாட் 22க்கு 26, நீள ஸ்லாட் 22க்கு 50. நீள ஸ்லாட் என்றால் மேலே தடிமனான ப்ளேட் வாஷரும் சேர்த்துக் காட்டுங்கள். ஸ்லாட் எங்கே வரலாம் என்பதற்கு இன்ஜினியர் ஒப்புதல் கட்டாயம் வேண்டும். பாரம் எந்தத் திசையில் இழுக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எல்லாப் பீமுக்கும் தளர்ந்த முனை ஒரே பக்கம் இருக்கட்டும். எங்கள் ஹாலில் தெருப்பக்கம் பிடிமானம், தோட்டப்பக்கம் தளர்ச்சி. கிரிட் எண் சொன்னால் மேஸ்திரிக்குப் புரியாது. ‘தெரு’ என்று பீமின் ஒரு முனையில் பெயின்டால் எழுதிவிட்டால் திருப்பி மாட்டும் பேச்சே இல்லை.

காலத்தின் அடியிலும் இதே கதைதான். ஆங்கர் போல்ட் எம்20 என்றால் பேஸ் ப்ளேட்டில் 30 மிமீ ஓட்டை, மேலே ஒரு ப்ளேட் வாஷர், காலம் நேரானதும் வாஷரை பேஸ் ப்ளேட்டோடு வெல்ட் பண்ணிவிடலாம். ப்ளேட்டுக்கடியில் க்ரவுட்டுக்கு (இடைவெளியை நிரப்பும் கலவை) 40 மிமீ. தரை 38 மிமீ இறங்குகிறது என்று சொன்னேன் இல்லையா, அதை க்ரவுட்டில் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு காலத்துக்கும் பெடஸ்டல் (அடிப்பீடம்) லெவல் தனியாகக் கொடுத்து, காலம் எல்லாம் ஒரே நீளமாக வையுங்கள். ஒரே நீளம் என்றால் கடையில் குழப்பம் பாதி குறையும்.

இடைவெளியில் செருகும் மெல்லிய ஷிம் ப்ளேட்டை மறக்கக் கூடாது. 2, 3, 5 மிமீ மூன்றும் ஓட்டையோடு, தனி மார்க் நம்பரோடு, மெட்டீரியல் லிஸ்டில் ஏறட்டும். அரசு வேலையில் பில் எடைக்குத்தான். ஒப்புதலான லிஸ்டில் இல்லாத ஷிம்முக்கும் சைட் போல்ட்டுக்கும் எம்-புக் என்னும் அளவுப் பதிவேட்டில் இடம் கிடைக்காது.

இன்னொன்று: ஐஎஸ்எம்பியின் ஃப்ளேஞ்ச் உள்பக்கம் சரிவாக இருக்கும். அதில் போல்ட் வருகிற இடத்திலெல்லாம் அந்தச் சரிவை ஈடுகட்டும் டேப்பர் வாஷர் வேண்டும். லிஸ்டில் இது விட்டுப்போகாத வேலையை நான் இன்னும் பார்க்கவில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

உள்ளே எப்படிப் போகும்?

இதை யாரும் ட்ராயிங் சம்பந்தப்பட்ட கேள்வியாக நினைப்பதில்லை. கிரேன் வாசல் வரைதான் வரும். அங்கிருந்து 1.8 மீட்டர் தாழ்வாரம், அதிலிருந்து செங்கோணமாகத் திரும்பினால் 1.2 மீட்டர் கதவு. பீம் ஐந்து மீட்டர் அளவில். ப்ளானில் பீம் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, அதைத் தாழ்வாரத்திலிருந்து கதவுக்குள் சுழற்றிப் பார்த்தேன். படுக்கைவசத்தில் நாலு மீட்டருக்கு மேல் எதுவும் திரும்பாது. ஜன்னலைக் கழற்றலாமா என்று கேட்டோம். தேக்குச் சட்டம், கழற்றினால் சுண்ணாம்புச் சுவர் பெயர்ந்து வரும், வேண்டாம் என்றார்கள். சரி, பீமை இரண்டாக வெட்டி, உள்ளே சேர்க்க ஸ்ப்ளைஸ் (இணைப்பு) போடலாமா என்று இன்ஜினியரிடம் கேட்டோம். எங்கே வெட்டினால் தாங்கும் என்று அவர் இடம் குறித்துக் கொடுத்தார், நடுவில் இல்லை. பெரிய துண்டு 3.6 மீட்டர், 165 கிலோ அளவில். ஆறு பேர் தோள் கொடுத்தால் கதவைத் தாண்டிவிடும், உள்ளே செயின் பிளாக் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு ட்ராயிங்கிலும் மார்க் நம்பருக்குப் பக்கத்தில் எடையைப் பெரிய எழுத்தில் போட்டேன். மேஸ்திரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

அலுவலகம் நடந்துகொண்டிருக்கும் கட்டடம். மனு கொடுக்க வருகிற ஜனம் வந்துகொண்டேதான் இருக்கும். இரும்பு ஏற்றுவது சனி, ஞாயிறு மட்டும். அதனால் மார்க் நம்பரையே வாரக் கணக்கில் பிரித்தேன். முதல் வாரம் ஏறுவதற்கு ஏ வரிசை, அடுத்ததற்கு பி. ஞாயிறு மாலை வேலையை நிறுத்தும்போது நிற்கிற இரும்பு தானாகவே விழாமல் நிற்க வேண்டும். அதாவது பிரேஸிங்கும் (சாயாமல் பிடிக்கும் குறுக்குத் தாங்கல்) அதே லாட்டில் வந்திருக்க வேண்டும். லாட் பிரித்த தாளை இன்ஜினியரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

தாளில் என்ன இருக்க வேண்டும்

ஒரு தாளில் ஒரு அசெம்பிளி. ஃபிட்டரைக் கழித்தல் கணக்குப் போட வைக்காதீர்கள். எல்லா ஓட்டையும் பிடிமான முனையிலிருந்தே தொடர் அளவாக வரட்டும். இந்தப் பழைய கட்டட வேலையில் எதிரெதிர் பீம்கள் 8 மிமீ, 11 மிமீ என்று வித்தியாசப்படும். ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒரே தாளில் ‘ஏ1, ஏ2 ஒத்தது’ என்று எழுதினால் இரண்டும் ஒரே நீளத்தில் வெட்டப்பட்டு வந்து நிற்கும். தனித்தனி மார்க், தனித்தனி தாள்.

பழைய இரும்பைக் கோடு-புள்ளிக் கோட்டில் காட்டி ‘உள்ளது’ என்று எழுதுங்கள். இல்லையென்றால் அதையும் சேர்த்து எடை போட்டு ஆர்டர் பண்ணிவிடுவார்கள், நடந்திருக்கிறது. சைட் வெல்ட் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் 50 மிமீ பெயின்ட் வேண்டாம் என்று ஹேட்ச் போட்டுக் காட்டுங்கள். இன்னும் அளவு உறுதியாகாத இடத்தைச் சுற்றி மேகம் வரைந்து ‘ஹோல்ட்’ என்று எழுதி, அந்தத் தாளை மட்டும் நிறுத்திவையுங்கள். மொத்த செட்டையும் நிறுத்த வேண்டியதில்லை.

ஒப்புதலுக்கு அனுப்பும்போது சந்தேகங்களை நீளக் கடிதமாக எழுதினால் பதில் வர மாதமாகும். நான் ஒரு ஏ4 தாளில் ஸ்கெட்ச் போட்டு, கீழே இரண்டே வழி எழுதி, பக்கத்தில் டிக் பண்ணக் கட்டம் போட்டுக் கொடுப்பேன். கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம் விட்டிருப்பேன். உதவிப் பொறியாளர் சைட்டில் நின்றபடியே டிக் போட்டுக் கொடுத்த தாள்கள் என் ஃபைலில் பதினேழு இருக்கின்றன. பின்னால் ஆடிட்டில் கேள்வி வந்தபோது அவருக்கும் அதுதான் கை கொடுத்தது.

லாரி ஏறுவதற்கு முன், கடைத் தரையில் ஒரு பே (இரண்டு தூண் வரிசைக்கு இடைப்பட்ட பகுதி) முழுக்கப் போல்ட் போட்டுச் சேர்த்துப் பாருங்கள், முக்கியமாக ஸ்ப்ளைஸ். மார்க் நம்பரைப் பெயின்டில் மட்டும் எழுதாமல் பஞ்ச்சிலும் அடிக்கச் சொல்லுங்கள். ப்ரைமர் அடித்த பிறகு பெயின்ட் எழுத்து காணாமல் போகும்.

எங்கள் மெஸ்ஸனைன் ஐந்து வார இறுதிகளில் ஏறியது. 60 ஷிம் அனுப்பினோம், 23 திரும்பி வந்தது. எந்த மூலையில் எத்தனை மிமீ போனது என்று மேஸ்திரியை ட்ராயிங் பிரின்ட்டிலேயே சிவப்புப் பேனாவால் எழுதச் சொல்லியிருந்தேன். படிக்கட்டுப் பக்கம் பழைய ஆர்எஸ்ஜேயில் சேரும் இடத்தில் மட்டும் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். போன் பண்ணிக் கேட்டேன். “அங்க ஷிம்மே போடல சார், அப்படியே உட்கார்ந்திடுச்சு” என்றார். ‘0’ என்று எழுதி அனுப்பச் சொன்னேன்.